குப்பைக்குப் போகும் சுண்ணாம்பு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில், பரோட்டாக் கடைகளின் பின்புறம் முட்டை ஓடுகள் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். சாலை முடியும் கடற்கரையிலோ கிளிஞ்சல்கள். இவ்விரண்டும் கால்சியம் கார்பொனேட் என்ற ஒரே பொருளால் ஆனவை. அணுக்களின் அடுக்குமுறைதான் வேறு: முட்டை ஓட்டில் இருப்பது கால்சைட், பெரும்பாலான மட்டிகளில் அராகனைட்.

கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் கடற்கரையின் பழந்தொழில். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புகழ்பெற்ற மதராஸ் சுண்ணச் சாந்தில் அத்துடன் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது. வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பாகக்கூடிய ஓட்டை எறிந்துவிட்டார்கள் போலும்!

ஓர் ஓட்டின் எடை ஏறத்தாழ 5 கிராம். 200 முட்டை அவிக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஒரே நாளில் 1 கிலோ ஓடு சேரும். அதில் சுமார் 950 கிராம் கால்சியம் கார்பொனேட். மீதி சிறிது மக்னீசியம், பாஸ்பேட், புரதம். 900 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் 420 கிராம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 530 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். சுண்ணாம்புக்கல் மலிவாகக் கிடைக்கும்போது இதற்காக எரிபொருளைச் செலவிடுவது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுடாமலே பயன்பெற வழியுண்டு. ஓட்டுத் துண்டு ஒன்றை வினிகரில் இடுங்கள். குமிழிகள் கிளம்பும். அவ்வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். ஓரிரு நாளில் ஓடு கரைந்து கால்சியம் அசிடேட் ஆகிவிட, மெல்லிய ஜவ்வு மட்டும் மிஞ்சும். உண்மையில் விலையுள்ள சரக்கு இந்த ஜவ்வுதான்! இதில் கொலாஜன் முதலிய புரதங்களும் ஹையலூரானிக் அமிலமும் உள்ளன. மூட்டுவலி மாத்திரைகளிலும் அழகுப் பொருள்களிலும் இதைச் சேர்க்கிறார்கள். ஓட்டின் கால்சியத்தைப் பாஸ்பேட்டுடன் வினைபுரியச் செய்து, நம் எலும்பிலுள்ள ஹைட்ராக்சி அபடைட் என்னும் கனிமத்தையும் ஆய்வுக்கூடங்களில் தயாரித்திருக்கிறார்கள்.

ஓட்டைக் கரைக்காமல் ஜவ்வைப் பிரிப்பதுதான் சிக்கல். இங்கே பௌதிகம் கைகொடுக்கிறது. ஓட்டின் அடர்த்தி நீரைப்போல் இரு மடங்குக்கும் மேல்; ஜவ்வோ நீரைவிடச் சற்றே கனமானது. நொறுக்கி நீரிலிட்டுக் கலக்கினால் ஓடு அடியில் தங்கும். நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் அவை ஜவ்வைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்.

ஆனால் ஓட்டை அன்றன்றே கழுவிக் காயவைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நாறிவிடும். சால்மோனெல்லா கிருமிகளும் இருக்கலாம். கடைகடையாகச் சிதறிக் கிடப்பதை இப்படிப் பதமாகச் சேர்ப்பது எளிதன்று. அதுவரை வீட்டு ஓட்டை ரோஜாச் செடிக்கு இடுவோர், அதை வேகவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்து இடுங்கள். முழு ஓடு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும்.