வலி நின்றால் நோய் நின்றதாகுமா?

மத்திகிரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைஞருக்கு வயது 23. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை, கீழ்த்தாடையின் கடைசிப் பல்லைச் சுற்றி அவருக்கு ஈறு வீங்கியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளால் புதன்கிழமை வலி அடங்கியது. இரவுப் பணிக்கும் சென்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கன்னமும் தாடையின் அடிப்பகுதியும் வீங்கிய நிலையில் என் கதவைத் தட்டினார். வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறப்பு இருந்தது. எச்சிலை விழுங்கவே தடுமாறினார். "வலி அவ்வளவா இல்ல சார்" என்று அந்த நிலையிலும் சொன்னார். அன்றே மருத்துவமனையில் சேர்த்துச் சீழை வெளியேற்றினார்கள். வீடு திரும்ப ஆறு நாட்கள் ஆயின.

அவரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. பல் துலக்கும்போது கசிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுக்கச் சென்றவன் நான். எனக்கு வலியே இல்லை. பணி ஓய்வு பெறும் தறுவாயில் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கியபோது, அவற்றைத் தாங்கிய எலும்பு கரைந்துவிட்டது என்றார் பல் மருத்துவர்.

வலி அடங்கியதால் அந்த இளைஞர் ஏமாந்தார். வலி வராததால் நான் ஏமாந்தேன். சந்தையில் விலை என்பது ஒரு சமிக்ஞை என்று பொருளாதார வகுப்பில் கற்பித்திருக்கிறேன். சமிக்ஞை பிழையானால் முடிவும் பிழையாகும். ஈறு விஷயத்தில் வலி அத்தகைய பிழையான சமிக்ஞை.

ஈறு ஏன் வீங்குகிறது? பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. அகற்றாவிட்டால் அது காரையாக இறுகுகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டமே சிவப்பும் வீக்கமும் ரத்தக் கசிவும். 1965-இல் டென்மார்க்கில் ஹெரால்டு லோ குழுவினர் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. தொடக்க நிலை முற்றிலும் மீளக்கூடியது என்பதே இதன் பொருள்.

கவனிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கான விடை, நமக்கு நெருக்கமான மக்களிடமிருந்தே கிடைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் மருத்துவ வசதி எட்டாத 480 தமிழ்த் தொழிலாளர்களை, அதே லோ குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஏறக்குறைய அனைவருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால், சுமார் 11 சதவீதத்தினருக்கு நோய் அதைத் தாண்டவில்லை. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்திலும், 8 சதவீதத்தினருக்கு மிக விரைவாகவும் பல்லைத் தாங்கும் அமைப்பு அழிந்தது. தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதைக் கண்ணாடியைப் பார்த்து எவராலும் கூற முடியாது. எலும்பு கரைந்தால் திரும்ப வளர்வதும் அரிது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஈறு, சிகுரு, வசடு என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் முறையிடும் எங்கள் ஊர் மக்கள், பல் தொடர்பான எல்லாவற்றுக்கும் தண்ணீரையே காரணமாக்குவார்கள். நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால், புளூரைடு பல்லின் மேற்பூச்சில் கறையையும் குழிகளையும் உண்டாக்குவது; ஈறு வீக்கம் வேறு நோய். தண்ணீர் மேல் பழிபோட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

அப்படியானால், அவசரத்தை எப்படித் தீர்மானிப்பது? வலியை விடுத்து, வீக்கம் எங்கே பரவுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வீக்கம் ஈற்றைத் தாண்டிக் கன்னம், கண்ணின் கீழ்ப்பகுதி, தாடையின் அடி, கழுத்து என நகர்ந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் இருந்தாலோ, குரல் மாறினாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ அது உயிருக்கு ஆபத்து. அப்போது பல் மருத்துவரின் முன்பதிவுக்காகக் காத்திராமல், 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாக்குக்கு அடியில் பரவும் சீழ் மூச்சுக்குழாயையே அடைத்துவிடக்கூடும்.

பரவல் இல்லை; ஆனால் ஈற்றில் சீழ்க்கட்டி தெரிகிறது, தெறிக்கும் வலி உறக்கத்தைக் கெடுக்கிறது, பல் திடீரென ஆடுகிறது, அல்லது அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அன்றோ மறுநாளோ பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். 17 முதல் 25 வயதில் முளைக்கும் ஞானப்பல்லைச் சுற்றிய வீக்கத்துக்கும் இதே அவசரம் உண்டு.

துலக்கும்போது மட்டும் ரத்தம், லேசான வீக்கம், வாய்நாற்றம் என்றால் பதற்றம் வேண்டாம். மென்மையான தூரிகையால் இருவேளை துலக்கி, வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். இரண்டு வாரத்தில் முழுமையாகக் குணமாகாவிட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சென்று காரையை அகற்ற வேண்டும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்துவது நோய்க்கு உரமிடுவதாகும். ஈற்றில் ஆஸ்பிரினை வைப்பதும் கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றுவதும் புண்ணாக்கும்.

அடுத்து, அது யாருடைய வாய் என்பது முக்கியம். நீரிழிவு நோயாளிகளுக்கு ஈறு நோய் விரைவாக முற்றும். ஈறு நோய் சர்க்கரையின் கட்டுப்பாட்டையும் குலைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்கும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் போன்ற மருந்துகளாலும் சிலருக்கு ஈறு தடிக்கும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. புகைபிடிப்போருக்கு ரத்தம் குறைவாகவே கசியும் என்பதால் நோய் மறைந்தே வளரும். புகையிலை மெல்லுவோர், மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். வீக்கத்துடன் காரணமற்ற சோர்வும் உடலில் ரத்தத் திட்டுகளும் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மருந்துக்கடை மாத்திரைகள் அந்த இளைஞரின் வலியை அடக்கின. சீழின் மூலத்தை அகற்றவில்லை. அதை அகற்றப் பல் மருத்துவரின் கை வேண்டும். பிறகு ஏன் அவர் செல்லவில்லை? ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போகும். மாத வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். அவர் கணக்கு அறியாமையன்று. கண்முன் தெரியும் இழப்பை அவர் எண்ணினார், தெரியாத இழப்பை எண்ணவில்லை.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் இத்தகைய தொழிலாளர்கள், இஎஸ்ஐ திட்டத்துக்கு ஊதியத்தில் 0.75 சதவீதம் செலுத்துகிறார்கள். அதில் பல் சிகிச்சையும் அடங்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தகுதியுள்ளோருக்கு நோய்க்கால உதவியாக 70 சதவீத ஊதியம் கிடைக்கும். ஆனால், பொதுவாக முதல் இரு நாட்களுக்கு அது கிடையாது. ஈறு வீக்கத்தைப் பார்த்துவிட வேண்டியதோ அந்த முதல் இரு நாட்களில்தான். போலி விடுப்பைத் தடுக்கும் இந்த விதி, சிறிய நோயைப் பெரிதாக்கவும் துணைபோகிறது.

தொழிற்சாலைகள் பல் சிகிச்சைக்காக அரை நாள் ஊதிய விடுப்பு தரலாம். ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்து அதை விலக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வந்து சர்க்கரையைப் பரிசோதிப்பவர்கள், "பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

அந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் என்னிடம் கேட்டிருந்தால், என் இரண்டு பற்கள் தப்பியிருக்கும். நாளைக் காலை பல் துலக்கியதும், துப்பியதை ஒரு கணம் பாருங்கள்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).