டிக்கெட் 40 ரூபாய், ட்ரிப் 40,000 ரூபாய்: அப்பா அம்மாவை டெல்லி கூட்டிட்டுப் போக ஒரு கணக்கு



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம் ஆனவங்க என்கிட்ட வரி கணக்கு பேச வரும்போது கடைசியில ஒரு கேள்வி வரும்: "அப்பா அம்மா இதுவரைக்கும் தாஜ்மஹால் பார்த்ததில்ல சார். கூட்டிட்டுப் போகணும். பர்சனல் லோன் போடலாமா? எல்.டி.ஏ. க்ளெய்ம் பண்ணா காசு திரும்பி வந்துடும்ல?"

ஆசை நியாயமானது. ஆனா கேள்வியில இருக்கிற ரெண்டு நம்பிக்கையும், அதாவது லோன் போட்டா சமாளிச்சுடலாம், எல்.டி.ஏ. மிச்சத்தைப் பார்த்துக்கும்ங்கிறது, கணக்குல நிக்காது. சென்னையில இருந்து டெல்லி, ஆக்ரா போற ஒரு பயணத்தை வைச்சு இதைப் பார்ப்போம். நீங்க, அப்பா, அம்மா, மொத்தம் மூணு பேர்.

பார்க்கிற இடங்களுக்கு எவ்வளவு?

நம்ம நாட்டுல பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்கிறது ரொம்ப மலிவு. இந்தியத் தொல்லியல் துறை 2018-ல மாத்தின கட்டணப்படி, உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மாதிரி இடங்களுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய். ஆன்லைன்ல எடுத்தா 35. சஃப்தர்ஜங் கல்லறை மாதிரி அடுத்த நிலை இடங்களுக்கு 25, ஆன்லைன்ல 20. 15 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது.

தேசிய அருங்காட்சியகம் 20 ரூபாய். மொகஞ்சதாரோவுல கிடைச்ச, நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கிற அந்த வெண்கல நடன மங்கை இங்கதான் இருக்கு. தாஜ்மஹால் 50 ரூபாய். பிரதான கல்லறைக்கு உள்ள போகணும்னா இன்னும் 200.

லோதி கார்டன், தாமரைக் கோயில், பங்களா சாகிப் குருத்வாரா, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் எல்லாத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பங்களா சாகிப்ல லங்கர் சாப்பாடும் இலவசம்.

கூட்டிப் பாருங்க. குதுப் மினார் 40, ஹுமாயூன் கல்லறை 40, சஃப்தர்ஜங் 25, அருங்காட்சியகம் 20, தாஜ்மஹால் 250. ஒருத்தருக்கு 375 ரூபாய். மூணு பேருக்கு 1,125 ரூபாய். கட்டணம் அப்பப்போ மாறும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அப்போ காசு எங்க போகுது?

ஒரு மாதிரி பட்ஜெட் போடுவோம். கீழ இருக்கிறதெல்லாம் நான் வைச்சுக்கிட்ட உத்தேச எண்கள். உங்க தேதிக்கு, உங்க ஊருக்கு மாத்திக்கோங்க.

- சென்னை–டெல்லி ரயில், தேர்ட் ஏசி, போக வர (ஒரு டிக்கெட் 2,200 × 6): 13,200
- மூணு பேர் தங்குற ரூம், 3 இரவு (2,500 × 3): 7,500
- சாப்பாடு, 6 நாள் (ஒருத்தருக்கு நாளுக்கு 500): 9,000
- டெல்லிக்குள்ள மெட்ரோ, ஆட்டோ: 3,000
- ஆக்ரா போய் வர ரயில், ஆட்டோ: 4,500
- நுழைவுச் சீட்டுகள்: 1,125

மொத்தம் 38,325 ரூபாய். இதுல நுழைவுச் சீட்டு 3 சதவீதம்கூட இல்லை. கவுன்ட்டர்ல 5 ரூபாய் மிச்சம் பண்றதுல கவனம் வைக்காதீங்க. ரயில், ரூம், தேதி, இந்த மூணுலதான் உங்க பணம் இருக்கு.

ரயில்ல ஒரு விஷயம். சீனியர் சிட்டிசன் கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சுல நிறுத்திடுச்சு. "அப்பாவுக்கு பாதி டிக்கெட்தானே"ங்கிற பழைய கணக்கைப் போடாதீங்க. முன்பதிவும் 2024 நவம்பர்ல இருந்து 120 நாளுக்குப் பதிலா 60 நாள்தான். அந்த அறுபதாவது நாள் காலையை மொபைல்ல அலாரமா வைச்சுடுங்க. ரெண்டு ராத்திரி ரயில்ல உட்கார அம்மாவால முடியாதுன்னா விமானம்தான். அப்போ அந்த முதல் வரியை மட்டும் மாத்தி கணக்கை மறுபடி போடுங்க.

லாங் வீக்கெண்ட்ல என்ன சிக்கல்?

வெள்ளி லீவு, இல்லன்னா திங்கள் லீவு வந்தா உடனே டிக்கெட் தேடுறோம். ஆனா இந்த இடங்கள் மூடுற நாள்களைப் பாருங்க:

- தாஜ்மஹால்: வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குக் கிடையாது
- தேசிய அருங்காட்சியகம், செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம்: திங்கட்கிழமை விடுமுறை
- குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை: எல்லா நாளும் திறந்திருக்கும்

நமக்கு லீவு கிடைக்கிற அதே ரெண்டு நாள்லதான் முக்கியமான இடங்கள் மூடியிருக்கு. மிச்சம் இருக்கிற சனி, ஞாயிறுல கூட்டம் அலைமோதும், ரூம் வாடகையும் ஏறியிருக்கும். இது தெரியாம வெள்ளிக்கிழமை ஆக்ராவுல போய் இறங்கினா, நம்ம பட்ஜெட்ல 4,500 ரூபாய் போச்சு. அது மொத்த நுழைவுச் சீட்டு செலவைப் போல 4 மடங்கு.

அதனால நான் சொல்ற வழி: வெள்ளி ராத்திரி ரயில் ஏறுங்க, ஞாயிறு காலை டெல்லி. அப்புறம் இப்படி:

- ஞாயிறு: பங்களா சாகிப், தாமரைக் கோயில். ரயில் களைப்பு இருக்கும், இது போதும்.
- திங்கள்: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சஃப்தர்ஜங் கல்லறை. சாயங்காலம் பக்கத்துலயே லோதி கார்டன்.
- செவ்வாய்: ஆக்ரா.
- புதன்: தேசிய அருங்காட்சியகம், மலை மந்திர், ராத்திரி ரயில்.

வெள்ளி காலை சென்னை. நாலு நாள் லீவு கண்டிப்பா வேணும், அஞ்சாவது நாள் உங்க ஆபீஸைப் பொறுத்தது.

எல்.டி.ஏ. உண்மையில எவ்வளவு தரும்?

இங்கதான் நிறைய பேர் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க. எல்.டி.ஏ. விலக்குல வர்றது பயணக் கட்டணம் மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுத்துற டாக்ஸி, நுழைவுச் சீட்டு எதுவும் வராது. வெளிநாட்டுப் பயணமும் வராது. நீங்க லீவு போட்டு, நீங்களும் கூடப் போயிருக்கணும். அப்பா அம்மாவை மட்டும் அனுப்பிட்டு க்ளெய்ம் பண்ண முடியாது.

நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக். அதுல ரெண்டு பயணம். 2022–2025 ஒரு பிளாக், அடுத்தது 2026–2029. முந்தைய பிளாக்ல பயன்படுத்தாத ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கோட முதல் வருஷத்துக்கு, அதாவது 2026-க்கு, கொண்டு போகலாம்.

நம்ம 38,325-ல தகுதியானது 13,200. உங்க சம்பளத்துல அந்த அளவுக்கு எல்.டி.ஏ. இருந்து, நீங்க 20% வரி அடுக்குல இருந்தா, செஸ் சேர்த்து மிச்சம் சுமார் 2,746 ரூபாய். அதுவும் பெற்றோர் உங்களையே முழுசாவோ பெரும்பாலுமோ சார்ந்து இருந்தாத்தான். அப்பா தன் பென்ஷன்ல குடும்பம் நடத்துறார்னா அவங்க டிக்கெட்டைச் சேர்க்க முடியாது. உங்க சொந்த டிக்கெட் 4,400-க்கு மிச்சம் சுமார் 915 ரூபாய்தான்.

இன்னொண்ணு. இந்த விலக்கு பழைய வரி முறையில மட்டும்தான். புதிய முறையில கிடையாது. 2025–26 நிதியாண்டுல இருந்து புதிய முறையில 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு, வேற வருமானம் இல்லன்னா, வரியே இல்லை. அந்த வரம்புக்குள்ள இருக்கீங்கன்னா எல்.டி.ஏ.வுக்காக பழைய முறைக்குப் போறதுல அர்த்தமே இல்லை.

"போகாமலே பில் ரெடி பண்ணித் தர்றேன்"னு யாராவது சொன்னா, வேண்டாம். வருமானத்தைத் தவறா காட்டினதா முடிவானா, ஏய்ச்ச வரியைப் போல 200% அபராதம். 2,746 ரூபாய்க்கு அந்தத் தலைவலி தேவையா?

லோனா, சேமிப்பா?

40,000 ரூபாயை கார்டுல போட்டு 16% வட்டியில 12 மாச இ.எம்.ஐ. ஆக்கினீங்கன்னு வைச்சுக்கோங்க. மாசம் சுமார் 3,629. வட்டி 3,548, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா 4,187 ரூபாய். ப்ராசஸிங் கட்டணம் தனி. எல்.டி.ஏ.வுல அதிகபட்சமா வர்ற 2,746-ஐ இது முழுங்கிட்டு, மேலயும் கேட்குது.

இதுக்குப் பதிலா மாசம் 5,000 ரூபாய், 8 மாசம். ஆனா 8 மாச ஆர்.டி. போடாதீங்க. பயணத்துக்கு 60 நாள் முன்னாடியே ரயில் டிக்கெட்டுக்குப் பணம் வேணும். 6 மாச ஆர்.டி. போடுங்க. 30,000 கைக்கு வரும், டிக்கெட்டும் ரூமும் அதுல. கடைசி ரெண்டு மாசத்து 10,000-ஐ சேமிப்புக் கணக்குலயே வைச்சு வழிச் செலவுக்கு எடுத்துக்கோங்க.

மாசம் 5,000 இப்போ முடியாதா? அதுக்காக ஆசையைத் தள்ளிப் போட வேண்டாம். மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் 40 ரூபாய். தஞ்சாவூர் பெரிய கோயில் உலகப் பாரம்பரியச் சின்னம், ஆனா டிக்கெட்டே இல்லை. ஹைதராபாத்ல வேலையா? சார்மினார், கோல்கொண்டா ரெண்டும் தலா 25 ரூபாய். சாலார் ஜங் மியூசியமும் நம்ம எழும்பூர் மியூசியமும் வெள்ளிக்கிழமை லீவு, அதை மட்டும் ஞாபகம் வைச்சுக்கோங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. சம்பளச் சீட்டுல எல்.டி.ஏ. இருக்கா, நீங்க எந்த வரி முறையில இருக்கீங்கன்னு ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.
2. ஆர்.டி.யை ஆரம்பிங்க. மொபைல் ஆப்ல அஞ்சு நிமிஷ வேலை.
3. அப்பா அம்மாகிட்ட எந்த மாசம்னு கேளுங்க. டெல்லியில மே, ஜூன் வெயிலும் ஜனவரி பனிமூட்டமும் அவங்களுக்கு ஒத்துக்காது. பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் நல்ல நேரம்.

அப்ரைசல் வரட்டும், ஆன்சைட் முடியட்டும்னு நாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்போம். அதுவரைக்கும் அம்மாவோட முழங்கால் காத்திருக்குமான்னு தெரியாது. தாஜ்மஹால்ல வாசல்ல இருந்து கல்லறை வரைக்கும் நல்ல நடை இருக்கு. அவங்க நிதானமா நடந்து பார்க்க முடியுற வயசுலயே, கடன் இல்லாம, கூட்டிட்டுப் போங்க.

இந்த பட்ஜெட்டை உங்க ஊர், உங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி எப்படி மாத்துறதுன்னு அடுத்த வீடியோவுல ஷீட்டோட காட்டுறேன். பார்ப்போம்!