கொட்டச்சேடு ஏற்றம்: அன்று இன்ஜின் சொன்னது, இன்று மீட்டர் சொல்வது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக இரண்டு வழி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பெரிய பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் தாண்டி, கொட்டச்சேடு வழியாகச் சுற்றி வருவது இன்னொன்று. மழைக்காலத்தில் பெரிய பாதையில் மண் சரிந்தால், வெளியூர் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள். காப்பியும் மிளகும் விளையும் கொட்டச்சேட்டுப் பக்கத்தாருக்கு அதுதான் அன்றாட வழி. இந்த ஏற்றத்தில் நாற்பது ஆண்டுகளில் வண்டிகள் காற்றை வாங்கும் விதம் மாறிவிட்டது. வண்டி இழுக்காமல் போனால் காரணம் தேடும் விதமும் கூடவே மாறிவிட்டது.

அன்று

1980இல் வந்த டீசல் அம்பாசிடரின் இன்ஜின் 1489 சிசி. அதன் திறன் 37 குதிரைத்திறன்தான். எஸ்டேட் ஜீப்புகளில் இருந்த பெஜோ டீசல் இன்ஜின் 2112 சிசி, 62 குதிரைத்திறன். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று: வெளிக்காற்று தானாக எவ்வளவு உள்ளே புகுந்ததோ அவ்வளவுதான் வரும்படி.

மலைமேல் அந்த வரும்படி குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல். 1515 மீட்டர் உயர ஏற்காட்டில் அது 84 அளவுக்கு இறங்கிவிடும். மலையின் குளிர்ச்சி காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினாலும், கணக்குப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு காற்று போய்விடுகிறது. 37 குதிரையில் நாலரை குதிரை வழியிலேயே இறங்கிக்கொண்ட மாதிரி.

இதை எந்த மீட்டரும் காட்டவில்லை. டிரைவருக்குக் காதும் காலும் சொல்லின. கீழே செகண்டில் ஏறிய அதே சரிவு, மேலே போகப் போக ஃபர்ஸ்ட் கேட்கும். காற்று குறைந்தாலும் பம்ப் தரும் டீசல் அதே அளவு என்பதால் கரும்புகை தள்ளும். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடிப்போய் பிளக் கறுக்கும். ரேடியேட்டர் கொதிக்கும் என்று தெரிந்தே டிக்கியில் தண்ணீர்க் கேன் இருக்கும். பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றால் அதன்மேல் ஈரத்துணி போடுவது பியட் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

மெக்கானிக்கின் வழியும் நேரடியானது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார். டேப்பட் இடைவெளியை, இன்ஜெக்டரை, பம்பைப் பார்ப்பார். அப்புறம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஏற்றம் ஏறச் சொல்வார். வண்டி திணறினால் அதில் மலையின் பங்கு எவ்வளவு, கோளாறின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கைதேர்ந்தவரின் வேலை. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்ற விதிக்கும் இந்தத் திணறல்தான் அடிப்படை. சரிவில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது அவ்வளவு பாடு.

இடையில் வந்தது

காற்று தானாக வராவிட்டால் அமுக்கித் திணிக்கலாம் என்ற யோசனை பழையது. ரூட்ஸ் சகோதரர்களின் காற்றூதி 1860ஐச் சேர்ந்தது. இன்ஜினின் பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர்களில் ஒரு வகைக்கு இன்றும் அவர்கள் பெயர்தான். வெளியேறும் புகையாலேயே சுழலும் டர்போவுக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்றார். அதைப் பெரிய அளவில் சோதித்ததும் ஒரு மலையில்தான். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், சான்ஃபோர்டு மாஸ் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை ஏற்றிக்கொண்டு போனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த அது, உச்சியில் 230 ஆனது. டர்போ பொருத்தியதும் 356 தந்தது. விமானத்துக்காகச் செய்த அந்தச் சோதனை நம் மலைப்பாதை வண்டிகளுக்கு வந்து சேர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின.

1998இல் டாட்டா சஃபாரி டர்போ டீசலோடு வந்தது. 2007இல் டீசல் ஸ்விஃப்ட் வந்தது: 1248 சிசி, 75 குதிரை. அம்பாசிடரைவிடச் சின்ன இன்ஜினுக்கு இரண்டு மடங்கு திறன். அழுத்தம் கூட்டிய டீசல் பீய்ச்சலும் இதில் பங்கு கொண்டாலும், டர்போ திணித்த காற்று இல்லாமல் அது நடந்திருக்காது. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் நம் சாலைகளில் அபூர்வம். ஆனால் தமிழ்நாட்டுக்கு அது அந்நியமும் இல்லை. ஐரோப்பாவுக்கான நிசான் மைக்ரா கார்கள் சென்னைக்கு அருகே ஒரகடத்தில்தான் தயாராயின. 2011இல் ஐரோப்பாவில் அறிமுகமான ஒரு மைக்ரா வகையில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு சூப்பர்சார்ஜர் இருந்தது. சுமை இல்லாதபோது ஒரு கிளட்ச் அதைக் கழற்றிவிடும். அந்த வகை மட்டும் இங்கே விற்பனைக்கு வரவில்லை.

இன்று

இன்றைய டர்போ வண்டி குப்பனூரிலிருந்து கொட்டச்சேட்டுக்கு மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. காற்று மெலிய மெலிய கம்ப்யூட்டர் டர்போவை வேகமாகச் சுழற்றி ஈடு கட்டுகிறது. உயரம் என்ற ஒன்று ஓட்டுபவருக்கு எட்டுவதே இல்லை. வசதிதான். சிக்கல் என்னவென்றால், பூஸ்ட், அதாவது திணித்த காற்றின் அழுத்தம், குறைவு என்று மீட்டரோ வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரோ சொல்லும்போது, மறைந்துபோன அந்த உயரத்தை நாமே நினைவில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணைப் படிப்பதே முதல் வேலை. டேஷ்போர்டில் ஒட்டும் பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்று மட்டும் காட்டும். ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் ஸ்கேனரில் சேலத்தில் 98, ஏற்காட்டில் 84 கிலோபாஸ்கல் அளவில் வர வேண்டும். பெரிதாக விலகினால் டர்போவைத் தொடுவதற்கு முன் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

சூப்பர்சார்ஜர் வண்டியில் குழப்பம் இன்னும் அதிகம். அது பெல்ட் இழுத்த அளவே சுழலும். உயரம் பார்த்து வேகம் கூட்டிக்கொள்ளாது. உள்ளே வரும் காற்றை 1.6 மடங்காக அமுக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் பூஸ்ட் மீட்டர் எட்டரை பிஎஸ்ஐ காட்டினால், ஏற்காட்டில் ஏழு சொச்சம்தான் காட்டும். கோளாறு ஏதும் இல்லை. மலை வாங்கிக்கொண்ட பங்கு அது. பூஸ்ட் என்பது இன்ஜின் உடனே விழுங்காமல் குழாயில் தேங்கும் காற்றின் அழுத்தம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சைலன்சர் பக்கம் அடைத்துக்கொண்டால் எண் ஏறும், இழுவை குறையும். அடைப்பு நீங்கினால் எண் இறங்கும், வண்டி நன்றாக ஓடும். எண்ணை மட்டும் நம்பினால் நல்ல வண்டியைப் பிரிக்க நேரும்.

அதற்குப் பிறகும் குறைவுதான் என்றால் செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டர். அடுத்து ஹோஸும் கிளாம்பும்: இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். ஏறும்போது மட்டும் உஸ்ஸென்று கேட்டால் ரப்பர் கிழிந்திருக்கலாம். ஐட்லிங்கில் பூஸ்ட் உருவாவதில்லை என்பதால், ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்தால் இந்தக் கசிவு பிடிபடாது. குழாய்க்குள் புகை ஏற்றியோ, காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புநீர் தடவியோ கண்டுபிடிக்க வேண்டும். டர்போ என்றால் அடுத்து சின்ன வேக்குவம் குழாய்கள், சோலனாய்டு, டர்போவுக்குள் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும் இதழ்கள். எஸ்டேட்டுக்குள் மெதுவாக, குறைந்த தூரம் மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் இந்தக் கரி சீக்கிரம் சேரும். சூப்பர்சார்ஜர் என்றால் பெல்ட் வழுக்கல், டென்ஷனர், கிளட்ச், திறந்தபடி சிக்கிக்கொண்ட பைபாஸ் வால்வு. டர்போவையே மாற்றுவது கடைசிப் பேச்சு. ஸ்கேனரில் வரும் பி0299 என்ற எண் பூஸ்ட் போதவில்லை என்று மட்டுமே சொல்லும். எந்த உறுப்பால் என்று சொல்லாது.

கடைசிச் சோதனைக்கு இன்றும் ஏற்றம்தான் வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார, கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். அன்றைய மெக்கானிக் உட்கார்ந்த அதே இருக்கைதான்.

மாறாதவை இன்னும் உண்டு. ஏறி முடித்ததும் உடனே அணைக்காதே என்பார்கள் அன்று, ரேடியேட்டர் கொதிக்கும் என்பதால். இன்றும் ஒரு நிமிடம் ஓடவிடுவது நல்லது, சூடான டர்போவின் பேரிங்கில் எண்ணெய் நின்றுபோய்க் கரியாகாமல் இருக்க. ஏறுகிறவருக்கு வழி விடும் விதியும் காலாவதியாகவில்லை. பூஸ்ட் குறைந்ததும் கம்ப்யூட்டர் திறனைச் சுருக்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் புது வண்டியும் பழைய அம்பாசிடர் போலத்தான் ஊர்ந்து ஏறும்.

ஒரு பழமொழியை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். ஏறின கியரில் இறங்கு என்பது இன்ஜின் பெரிதாகவும் திறன் சிறிதாகவும் இருந்த நாளின் பாடம். ஃபர்ஸ்டில் ஏறியவர் ஃபர்ஸ்டில் இறங்கினார்; இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. இன்றைய ஒரு லிட்டர் டர்போ மூன்றாவதில் ஏறுவது திணித்த காற்றின் பலத்தால். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது அந்தக் காற்று கிடையாது. சின்ன இன்ஜினின் பிடி மட்டும்தான் மிஞ்சும். மூன்றாவதிலேயே இறங்கினால் பாரமெல்லாம் பிரேக்கில் விழுந்து, அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை அடிக்கும். கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும்போது ஏறின கியருக்கு ஒன்று கீழே போடுங்கள்.