இலை உதிர்க்கும் சரக்கொன்றையை வெட்டாதீர்கள்!

"டாக்டர், வாசல்ல இருக்கிற கொன்றை மரம் பட்டுப்போச்சு. ஆளைக் கூப்பிட்டு வெட்டிடலாமா?"

மாசி, பங்குனி மாதங்களில் என்னிடம் மருந்து வாங்க வருகிறவர்களில் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. நான் சொல்வது ஒன்றே: "இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்!"

சரக்கொன்றை ஆண்டுதோறும் இலை உதிர்க்கும் மரம். கோடையில் மொட்டையாக நின்று, சித்திரை, வைகாசியில் மஞ்சள் பூக்களைச் சரம் சரமாகத் தொங்கவிடும். கேரள மக்கள் விஷுக்கனியில் இதை வைக்கிறார்கள். தாய்லாந்து 2001இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. நமக்கோ இது சிவபெருமானுக்கு உரிய மலர். ஔவையாரின் 'கொன்றை வேந்தன்' என்னும் நூலின் பெயரே கொன்றை சூடிய அப்பெருமானைக் குறிப்பதுதான்.

உயிர் இருக்கிறதா?

சந்தேகமாக இருந்தால் சிறு கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் மரம் நலமாக இருக்கிறது என்று பொருள். பல கிளைகளில் பார்த்தும் உள்ளே காய்ந்து, பழுப்பாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இலை கொட்டிவிட்டதே என்று பதறிப்போய் வளர்ந்த மரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்ல வெயிலும் வறட்சியும் இருந்தால்தான் பூ அள்ளிக் கொட்டும்.

நடுவது எப்படி?

முற்றிக் கறுத்த காயை உடைத்து விதை எடுங்கள். விதையின் தோல் மிகவும் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை மட்டும் பையில் ஊன்றுங்கள்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டடி ஆழ அகலக் குழி எடுத்து, மக்கிய தொழு உரம் கலந்து நடலாம். நாள் முழுக்க வெயில் படும் இடமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மரம் முப்பது அடிக்கு மேல் வளரும். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீர் விட்டால் போதும். விதைக்கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும், பொறுமை வேண்டும். கிளை கழிப்பதானால் பூத்து முடிந்த பிறகு கழியுங்கள். அதற்கு முன் கழித்தால் அந்த ஆண்டுப் பூவை இழப்பீர்கள். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் உடனே பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

பெயரில் ஏமாறாதீர்கள்!

நர்சரியில் 'மஞ்சள் கொன்றை' என்று கேட்டால் வேறு மரத்தைக் கொடுத்துவிடக் கூடும். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். காய் ஒன்றிரண்டு அடி நீளத்தில் உருண்டையான குழல்போல இருக்கும். சீமைக்கொன்றையின் பூங்கொத்தோ கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். இந்த அயல்நாட்டு மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, அங்குள்ள செடி கொடிகளை வளரவிடாமல் செய்கிறது. வனத்துறை அதை அகற்றிவருகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மருந்தா? எச்சரிக்கை!

"மரம் வீட்டிலேயே இருக்கே, மலச்சிக்கலுக்கு நாமே காயை உடைச்சுச் சாப்பிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. காயினுள் அடுக்கடுக்காக இருக்கும் கருஞ்சதையைத்தான் சரக்கொன்றைப் புளி என்கிறோம். அது மலமிளக்கி என்பது உண்மை. ஆனால் அளவு மீறினால் வயிற்றுவலி, வாந்தி, பேதி என்று படுத்திவிடும். அடிக்கடி சாப்பிட்டால் உடலிலுள்ள நீரும் பொட்டாசியம் உப்பும் குறையும். இதயநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்தாக முடியலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், வயிற்றுவலிக்குக் காரணம் தெரியாதவர்கள் ஆகியோர் தாமாகத் தொடவே கூடாது. மற்றவர்களும் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாட்களுக்கு மட்டுமே சாப்பிட வேண்டும். சதை இனிப்பாக இருப்பதால் குழந்தைகள் சப்பிப் பார்ப்பார்கள். விழுந்த காய்களை அன்றன்றே பெருக்கி அள்ளிவிடுங்கள். குழந்தை நிறையச் சாப்பிட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உதிர்ந்த இலைச் சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்புங்கள். மண்ணின் ஈரம் காக்கும், மக்கி உரமாகும். இந்தப் பங்குனியில் உங்கள் கொன்றை மொட்டையாக நின்றால், அரிவாளைத் தேடாமல் சித்திரை வரை காத்திருங்கள்.