காலடியில் ஒரு மண்டபம்

சின்ன அறைகளில் ஒத்திகை பார்க்கும் கொல்கத்தா கிடார் கலைஞர்களுக்கு ஒரு சிறு பெட்டி தந்த விசாலம்

கொல்கத்தா லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில், ரவீந்திர சரணியில், கிடார்களும் வயலின்களும் தொங்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த நகரத்தில் வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம் இடத்துக்குத்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒத்திகைக்குக் கிடைப்பது ஒரு சின்ன அறை. அங்கே மின்கிடாரை மீட்டினால் நாதம் கார்வையின்றிப் பட்டென்று அறுந்துவிடும்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்தது டிஜிட்டல் ரிவெர்ப் பெடல். காலால் மிதித்து இயக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தனது பாஸ் பிராண்டில் 1987இல் வெளியிட்ட ஆர்வி-2, இந்த அளவில் வந்த முதல் டிஜிட்டல் ரிவெர்ப்.

கோயில் மண்டபத்தில் கைதட்டினால் ஒலி சற்று நேரம் தங்கி மெல்லத் தேய்கிறது. விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும் ஒலி, தூண்களிலும் கூரையிலும் மோதி, ஆயிரம் துணுக்குகளாக வெவ்வேறு கணத்தில் காதுக்குத் திரும்புவதே காரணம். பெடலுக்குள் இருக்கும் சில்லு இதையே கணக்காகப் போடுகிறது. ஒலியை எண்களாக்கி, சில மில்லி விநாடிகள் தேக்கி, பல பிரதிகள் எடுத்து, படிப்படியாகத் தேய்த்து வெளியே விடுகிறது.

இதற்கு முன் இந்த வேலையைச் செய்தவை பூதங்கள். 1957இல் வந்த ஜெர்மனியின் இஎம்டி 140 கருவியில் பெரிய இரும்புத் தகடு அதிர்ந்தது; எடை கால் டன்னுக்கும் மேல். 1976இல் அதே நிறுவனம் தந்த முதல் டிஜிட்டல் ரிவெர்பும் பெரிய ஸ்டுடியோக்களுக்கே கட்டுப்படியானது. சின்தசைசர்காரர்களுக்கும் இதே தவிப்பு. 1983இல் வந்த புகழ்பெற்ற யமஹா டிஎக்ஸ்7இல் ரிவெர்ப் கிடையாது.

இந்தியக் கலைஞருக்கு இன்னொரு சுவரும் இருந்தது: சுங்க வரி. அதன் உச்சவரம்பு 150 சதவிகிதமாகக் குறைந்ததே 1991 ஜூலை பட்ஜெட்டில்தான். 1997இல் ப. சிதம்பரத்தின் பட்ஜெட்டில் அது 40 சதவிகிதமானது. 1975இல் தொடங்கிய மொஹீனேர் கோராகுலி என்ற முன்னோடி வங்காள இசைக்குழு வெளிநாட்டுக் கருவிகள் எட்டாக்கனியாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. 1998இல் உருவான ஃபாஸில்ஸ் போன்ற குழுக்களுக்குக் கடைக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தது.

ஆனால் பெட்டி கைக்கு வந்ததும் புதுச் சிக்கல் தொடங்குகிறது. எவ்வளவு வைப்பது? உஷா உதுப் பாடிப் புகழ்பெற்ற பார்க் ஸ்ட்ரீட்டின் ட்ரிங்காஸ் போன்ற உணவகங்களில் கூட்டமும் இருக்கைகளும் ஒலியை உறிஞ்சிவிடும். அங்கே பெடல் கைகொடுக்கும். துர்கா பூஜை காலத்துத் திறந்தவெளி மேடையில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரே இல்லை. அங்கே இன்னும் கொஞ்சம் கூட்டலாம். உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்த ஆண்டான 1975இல் திறக்கப்பட்ட நேதாஜி உள்விளையாட்டரங்கம் நேர் எதிர். அத்தனை பெரிய கூடத்தில் எதிரொலி தானாகவே சுற்றும். அதன்மேல் பெடலையும் திருகினால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழியும், பாட்டின் வரி காணாமல் போகும். வரிகளுக்காகவே பாட்டைக் கொண்டாடும் வங்காளத்தில் அது சிறு நஷ்டமல்ல.

பயிற்சியிலும் இதே ஆபத்து உண்டு. தடுமாறும் விரலின் பிழையைக் கார்வை பூசி மெழுகிவிடும். மாணவனுக்குத் தன் தவறு காதில் விழாது. அந்தச் சின்ன அறையோ எதையும் மறைப்பதில்லை. எனவே வீட்டில் பெடலை அணைத்துவிட்டுக் கற்று, மேடையில் ஏறிய பின் திருகுவதே லாபம். அங்கேயும், கடைசி வரிசைக்குப் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கும் வரைக்கும்தான்.