முழக் கணக்கில் ஒரு நட்சத்திரம்

இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் போலோ குடும்பம் என்றொரு வணிகக் குடும்பம் இருந்தது. நிக்கோலோ, மஃபேயோ என்ற சகோதரர்கள் 1260 வாக்கில் கிழக்கே கிளம்பி, மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அரசவை வரை போய் வந்தார்கள். 1271-இல் மறுபடி புறப்பட்டபோது நிக்கோலோவின் 17 வயது மகன் மார்க்கோவும் சேர்ந்துகொண்டான். மூவரும் ஊர் திரும்பிய ஆண்டு 1295!

பட்டு, மிளகு, முத்து என்று இந்தப் பயணத்தில் பேச நிறைய உண்டு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, வடக்கே தெரியும் துருவ நட்சத்திரத்தைப் பற்றி மார்க்கோ சொன்ன செய்திதான்.

வெனிஸில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் சரிபாதியில், 45 பாகை உயரத்தில் நிற்கும். கானின் தலைநகரம் இருந்த இன்றைய பெய்ஜிங்கில் 40 பாகை. அத்தனை ஆயிரம் மைல் கிழக்கே போயும் பெரிய மாற்றம் இல்லை, பார்த்தீர்களா? ஆனால் திரும்பும்போது அவர்கள் சீனத்தில் கப்பலேறித் தெற்கே வந்தார்கள். காற்று திரும்புவதற்காக சுமத்ராவில் ஐந்து மாதம் காத்திருந்தார்கள். அங்கே துருவ நட்சத்திரம் தெரியவே இல்லை என்கிறார் மார்க்கோ. குமரியிலிருந்து 30 மைல் கடலுக்குள் போனால், தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தெரியுமாம். மலபாரில் இரண்டு முழம், குஜராத்தில் ஆறு முழம்!

முழக் கணக்கு துல்லியமானது அல்ல. ஆனால் வடக்கே போகப் போக நட்சத்திரம் ஏறுகிறது என்பது முற்றிலும் சரி. ஏன் ஏறுகிறது? துருவ நட்சத்திரம் பூமியின் வட துருவத்துக்கு ஏறத்தாழ நேர் மேலே, 400 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. நாம் நடப்பதால் அதன் திசை மாறாது. மாறுவது நம் காலடித் தரைதான். பூமி உருண்டை என்பதால், தெற்கே ஒவ்வொரு 111 கிலோமீட்டருக்கும் தரை ஒரு பாகை சாய்கிறது. நட்சத்திரமும் ஒரு பாகை இறங்குகிறது. ஆகவே அதன் உயரமே உங்கள் ஊரின் அட்சரேகை. பூமி தட்டையாக இருந்தால் வெனிஸிலும் குமரியிலும் அது ஒரே உயரத்தில்தான் தெரிய வேண்டும்.

கவனமாகப் படிப்பவர்கள் கேட்கலாம்: வட சுமத்ரா நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறதே, அங்கே ஏன் தெரியவில்லை? நல்ல கேள்வி. சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அதனால் இன்று துருவத்திலிருந்து ஒரு பாகைகூட விலகாத இந்த நட்சத்திரம், மார்க்கோவின் காலத்தில் நான்கு பாகைக்கு மேல் விலகி இருந்தது. துருவத்தைச் சுற்றி வரும்போது சுமத்ராவில் அது சில வேளைகளில் கடல்மட்டம் வரை தாழ்ந்திருக்கும். அடிவானத்தின் மூட்டம் அதை எளிதில் மறைத்துவிடும்.

நீங்களும் அளக்கலாம். ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அதன் முன்வரிசை நட்சத்திரங்கள் இரண்டையும் இணைத்துக் கோட்டை நீட்டினால் துருவ நட்சத்திரம் கிடைக்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. யாழ்ப்பாணத்தில் நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரம், சென்னையில் ஒன்றேகால், டெல்லியில் கிட்டத்தட்ட மூன்று. கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிகூட இராது. அங்கே அளக்க, வடக்கே கட்டடமும் மரமும் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.