வளைகுடாச் சிறையில் அப்பா, ஊரில் பிள்ளை

2024 செப்டம்பரில் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைனில் பிடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். எல்லை தாண்டிய வழக்கில் ஆறு மாதச் சிறை, பிறகு மூன்று மாதமாகக் குறைந்தது. டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். ஊரே மனு கொடுத்தது, பத்திரிகையில் வந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்க வழியில்லை, மறைக்க வேண்டிய வெட்கமும் இல்லை.

ஆனால் கடன் பாக்கி, போதைப் பொருள், ரூமில் நடந்த அடிதடி, பண மோசடி என்று உள்ளே போனவர்களின் வீடுகளில் கதையே வேறு. "அப்பாவுக்கு லீவு கிடைக்கலடா", "கம்பெனியில போன் பேச விடமாட்டேங்கிறாங்க" என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பது பெரியவர்கள் மட்டும்தான். சித்தப்பா மகனின் வாட்ஸ்அப்பில் எப்போதோ வந்திருக்கும்.

வெளிநாட்டுச் சிறைகளில் உள்ள இந்தியர்கள், விசாரணைக் கைதிகளையும் சேர்த்து, 10,152 பேர் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. சவுதியில் 2,633, அமீரகத்தில் 2,518. பாதிக்கு மேல் இந்த இரண்டு நாடுகளில்தான். இவர்களில் எத்தனை பேர் அப்பாக்கள் என்ற கணக்கு அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

குடும்பத்தோடு இங்கே இருந்தவர் என்றால் அடி இன்னும் பலம். மனைவி, பிள்ளைகளின் விசா பெரும்பாலும் அவர் பெயரில்தான். வேலை போனால் விசா போகும், ஸ்கூல் ஃபீஸ் நிற்கும். ஷார்ஜாவில் ஏழாவது படித்த பெண் நடு வருஷத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் போய் உட்கார வேண்டும். அப்பா, வீடு, தோழிகள் எல்லாம் ஒரே மாதத்தில் இல்லாமல் போகும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. சிறையில் மூன்றில் ஒருவர் அவர்கள். அங்கே நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் பூர்வகுடி அப்பாக்களுக்கென்றே 'பாபின்-மியகாங்' என்ற பிள்ளை வளர்ப்புப் பயிற்சி உருவானது. பிரிட்டனில் டார்ட்மூர் சிறையில் தொடங்கிய 'ஸ்டோரிபுக் டாட்ஸ்' இன்னும் எளிமையானது. அப்பா ஒரு கதையை வாசிப்பார், பதிவு செய்து பிள்ளைக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான். ராத்திரி தூங்கும்போது அப்பா குரல் கேட்கும்.

துபாய் சிறையில் காணொளி அழைப்பு வசதி உண்டு. ஆனால் கிடைக்கிற சில நிமிஷம் வக்கீல், அபராதம், வட்டி என்றே போய்விடுகிறது. அதில் இரண்டு நிமிஷமாவது பிள்ளைக்கு ஒதுக்குங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்ல ஆள் வேண்டும். என்ன கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியாது, "நல்லா படிக்கிறியா?" என்பதைத் தாண்டி நம் அப்பாக்கள் வெளியில் இருக்கும்போதே பேசிப் பழகியதில்லையே. தூதரகம் வழக்குக்கும் டிக்கெட்டுக்கும் உதவும். இந்த வேலையைத் தமிழ்ச் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். பொங்கல் விழா மேடைச் செலவில் ஒரு துளி போதும்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் துணை வேண்டும். "அப்பா ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டாங்க. நாள் முடிஞ்சதும் வருவாங்க. இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று சொல்ல அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். மாமனார் வீட்டில் அதற்கு அனுமதி கிடைப்பது லேசில்லை.

தண்டனையின் மீதியை இந்தியச் சிறையில் கழிக்க சவுதியோடு 2010-லும் அமீரகத்தோடு 2011-லும் ஒப்பந்தம் போடப்பட்டது. கைதியும் இரு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். புழலுக்கோ திருச்சிக்கோ வந்தால் பிள்ளை மனு போட்டு நேரில் பார்க்கலாம். ஆனால் இங்கேயே இருந்தால் ரமலானுக்கோ தேசிய தினத்துக்கோ மன்னிப்புப் பட்டியலில் பெயர் வரலாம் என்ற நம்பிக்கையில் பலர் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே வேண்டுகோள்: முடிவெடுக்கும்போது பிள்ளையின் வயதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதில் விட்டு வந்த மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. விடுதலையாகி ஏர்போர்ட்டில் வந்து இறங்குபவரை அவன் முதலில் "அங்கிள்" என்றுகூடக் கூப்பிடலாம்.